கடைசி 740 கி.மீ.: ஒரே மூச்சா, பிரித்து ஓட்டுவதா?

சக்கரவீடு | திங்கள், இரவு 9.14

வணக்கம். 38 நாளாக கேம்பர்வேனிலேயே குடித்தனம். நான், கணவர், 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஓடோமீட்டரில் 6,400 கி.மீ. கூடியிருக்கிறது. வீட்டுக்கு இன்னும் 740 கி.மீ. பாக்கி. வியாழக்கிழமை கிளம்புவதாக இருக்கிறோம்.

இத்தனை நாளும் ஒரு நாளைக்கு 250 கி.மீ.க்கு மேல் ஓட்டியதே இல்லை. இப்போது திடீரென்று இவர், "விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் வீட்டுக் கட்டில் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஒரே நாளில் ஓட்டலாமா? வீட்டு வாசலுக்குப் போவதற்கு முன்னால் வழியிலேயே முடித்துவிட வேண்டிய வேலைகள் என்னென்ன? இதுதான் எங்களுக்கு முதல் நீண்ட பயணம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 12ஆம் நாளிலிருந்து பின்பக்கம் இடது மூலையில் 'டக்... டக்' என்று ஒரு சத்தம். வேகம் 60ஐத் தாண்டினால் வரும், வளைவில் திரும்பினால் நின்றுவிடும். அலமாரிகளை எல்லாம் காலி செய்து பார்த்தாயிற்று. ஒன்றும் அகப்படவில்லை.

---

இரவுப்பறவை | திங்கள், இரவு 9.40

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரவு 10 மணிக்குக் கிளம்புங்கள். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், சாலை காலியாக இருக்கும், என்ஜினும் சூடாகாது. நான் 900 கி.மீ.கூட அப்படி ஓட்டியிருக்கிறேன். விடியும்போது வீடு.

---

பழைய டீசல் | திங்கள், இரவு 10.22

//விடியும்போது வீடு//

தம்பி, சில பேருக்கு விடிந்தே இருக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள், 20 வருஷமாக வேன் ஓட்டுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சக்கரவீடு, உங்கள் கணவர் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 740 கி.மீ.க்கு இந்த உயர வண்டியில் சராசரி 70 வைத்தாலே பத்தரை மணி நேரம். டீசல், கழிப்பறை, பிள்ளைகளின் வயிறு எல்லாம் சேர்த்தால் 13 மணி நேரம். 4 மணிக்குக் கிளம்ப 3 மணிக்கு எழுந்திருப்பீர்கள். கடைசி நாள் மூட்டை கட்டும் வேலையில் முந்தைய இரவு நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கவும் மாட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு லாரி ஓட்டுகிறவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. அதுவே பிழைப்பாக இருக்கிறவருக்கு அந்த அளவு. 38 நாளாக ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அதை மிஞ்சப் பார்க்கிறார்.

கண் திறந்தபடியே வரும் குட்டித் தூக்கம் ஒன்று உண்டு. நாலு விநாடிதான் இருக்கும், வந்து போனதே தெரியாது. 90 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 25 மீட்டர் போகும். நாலு விநாடிக்கு 100 மீட்டர். அவ்வளவு தூரம் மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம்.

என் யோசனை: வியாழன் வரை காத்திருக்க வேண்டாம். புதன் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு 130 அல்லது 150 மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். அந்த இடத்தை விட்டு மனசு பிரிந்துவிடும், பாதி வேலை அதுதான். வியாழன் 400. வெள்ளி காலை 200 சொச்சம். மத்தியானத்துக்குள் வீட்டில் இருப்பீர்கள். வெளிச்சமும் இருக்கும், உடம்பில் தெம்பும் இருக்கும். இரவு 9 மணிக்கு வீடு சேர்ந்தால் வண்டியைப் பூட்டிவிட்டுப் படுத்துவிடுவீர்கள், மறுநாள் அலுவலகம், ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜுக்குள் ஒரு புது உலகமே உருவாகியிருக்கும். நான் பார்த்திருக்கிறேன். பச்சை நிறம்.

'டக்' சத்தம் உள்ளே இல்லாமல் அடியில் இருக்கலாம். ஸ்டெப்னியைப் பிடிக்கும் பிடி, கழிவுநீர்த் தொட்டியைத் தாங்கும் பட்டி, இந்த இரண்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

---

இரவுப்பறவை | திங்கள், இரவு 10.31

நான் பகலில் தூங்கிவிட்டுத்தான் ஓட்டுவேன் அண்ணா. எல்லாரும் ஒரே மாதிரி இல்லை.

---

தூறல் | செவ்வாய், காலை 7.05

பகலில் தூங்கி எழுந்தாலும் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை ஏமாற்ற முடியாது. நள்ளிரவு 2 முதல் 6 வரை அது 'படு, படு' என்றுதான் சொல்லும். பிற்பகலில் 2லிருந்து 4 வரை இன்னொரு சின்ன இறக்கம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய கவனத்தின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997லேயே ஆய்வு வந்துவிட்டது. பல நாடுகளில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அந்த 0.05தான்.

நான் தனியாகப் பயணம் செய்கிறவள். மாற்றி ஓட்ட ஆள் கிடையாது. அதனால் எனக்கென்று ஒரு வழக்கம்: கண் எரிய ஆரம்பித்தாலோ, கடந்து வந்த ஊர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தது என்று ஞாபகம் வராமல் போனாலோ, அடுத்து நிறுத்த இடம் கிடைத்ததும் நிறுத்திவிடுவேன். ஒரு கப் காபி குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடத் தூக்கம். காபி வேலை செய்ய ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். எழுந்திருக்கும்போது அதுவும் தயாராக இருக்கும். 20 நிமிடத்துக்கு மேல் தூங்கினால் எழுந்தபிறகு மந்தமாக இருக்கும், உடனே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஜன்னலைத் திறப்பது, பாட்டை அலறவிடுவது எல்லாம் சும்மா.

கேம்பர்வேனில் கட்டில் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. இருந்தும் நாம் ஏன் நிறுத்துவதில்லை என்பதுதான் எனக்கு விளங்காத புதிர். 38 நாளாக 'எங்கே நிறுத்தலாம்' என்று ஆசையாகத் தேடியவர்கள், கடைசி நாளில் மட்டும் நிறுத்துவதைத் தோல்வி மாதிரி நினைக்கிறோம்.

---

புதுச்சாவி | செவ்வாய், காலை 8.50

திரும்பும் வழி எப்போதுமே சீக்கிரம் முடிந்துவிடுகிற மாதிரி இருக்கிறதே, அக்கா? தெரிந்த வழி என்பதாலா?

---

தூறல் | செவ்வாய், காலை 9.12

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011ல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதே தூரமுள்ள வேறு வழியில் திரும்பினாலும் குறைவாகத்தான் தெரிகிறதாம். போகும்போது 'சீக்கிரம் போய்விடலாம்' என்று குறைத்து எண்ணுகிறோம், அது நீண்டுவிடுகிறது. திரும்பும்போது 'அடேயப்பா, அவ்வளவு தூரமா' என்று கூட்டி எண்ணிக்கொள்கிறோம், அதனால் நேரம் குறைந்தது போல் இருக்கிறது. கடிகாரத்தில் ஒரு நிமிடமும் குறைவதில்லை.

இதில் எனக்கு ஒரு சந்தேகம். குறைவாகத் தெரிவதாலேயே 'இன்னும் கொஞ்சம்தானே' என்று இடைவேளையை விட்டுவிடுகிறோமோ? என் விஷயத்தில் அப்படித்தான் நடக்கிறது.

---

மின்கலம் | செவ்வாய், பிற்பகல் 1.30

சாலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் வண்டியைப் பார்க்கிறேன்.

தண்ணீர்: 1 லிட்டர் 1 கிலோ. 100 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் ஒரு பெரிய ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். கை கழுவ, கழிப்பறைக்கு என்று 15 லிட்டர் வைத்துக்கொண்டு மீதியைக் கடைசி முகாமிலேயே திறந்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் அந்த 15ஐயும் வடித்துவிட்டு, எல்லாக் குழாய்களையும் திறந்து, கைப்பிடியைச் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் வைத்துவிடுங்கள். அப்போதுதான் இரண்டு பக்கக் குழாயிலும் நிற்கும் நீர் இறங்கும். உறைபனி விழும் ஊர் என்றால் வெந்நீர்க் கொதிகலனையும் மறக்காமல் வடிக்க வேண்டும். உறைந்தால் வெடித்துவிடும்.

கழிவுநீர்த் தொட்டி: இதுதான் எனக்குப் பிடித்த தந்திரம். கடைசி நாள் காலையில் பாத்திரத் தொட்டி வழியாக 10, 15 லிட்டர் வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் திரவமும் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். வழியெல்லாம் அது குலுங்கிக் குலுங்கித் தொட்டியின் உட்சுவரைத் தானே கழுவிவிடும். கழிவு கொட்ட அனுமதியுள்ள இடத்தில் இறக்குங்கள். சாலையோரச் சாக்கடை வேண்டாம், பல ஊர்களில் அது நேராக ஆற்றுக்குத்தான் போகிறது.

கழிப்பறைப் பெட்டி: வீட்டுக்கு முந்தைய கடைசி இடத்தில் காலி செய்து, இரண்டு முறை அலசிவிடுங்கள். மூடித் தகட்டின் ரப்பரில் சிலிக்கான் எண்ணெய் மட்டும் தடவுங்கள். வாசலின் தடவாதீர்கள், பெட்ரோலியம் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

ஃபிரிட்ஜ்: கேஸ், 12 வோல்ட், மின்சாரம் என்ற மூன்றிலும் ஓடும் ரகமா? ஓடும்போது 12 வோல்ட்டில் போட்டுவிட்டு, சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். வீட்டில் அணைத்ததும் கதவை இரண்டு விரல் அளவு திறந்தே வைக்க வேண்டும். பழைய டீசல் அண்ணன் சொன்ன பச்சை உலகம் மூடிய கதவுக்குப் பின்னால்தான் பிறக்கிறது.

பேட்டரி: உள்ளே விளக்குக்கும் பம்புக்கும் ஓடும் பேட்டரி என்ன ரகம்? ஈய அமிலம் என்றால் முழுக்கச் சார்ஜ் செய்துதான் நிறுத்தி வைக்க வேண்டும். ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் முழுசு. 12.2க்குக் கீழே வாரக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து ஆயுள் போய்விடும். லித்தியம் என்றால் நேர்மாறு, பாதியளவில் வைத்து இணைப்பைத் துண்டித்துவிடுவது நல்லது.

---

பழைய டீசல் | செவ்வாய், பிற்பகல் 2.05

டயரை விட்டுவிட்டீர்களே. காலையில் வண்டி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். ஓடி முடித்து சூடாக இருக்கும்போது அளவு கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. வேன் டயரில் பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) தேய்வதற்கு முன்னால் ரப்பருக்கு வயசாகிவிடும். ஓரத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

வேகம்: 90ல் போவதற்குப் பதில் 110ல் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். 740 கி.மீ. முழுக்க அந்த வேகத்திலேயே போனாலும் மிச்சமாவது ஒன்றரை மணி நேரம். இந்த வண்டியின் முகமே ஒரு சுவர் மாதிரி, அதை டீசல் செலவழித்துத் தள்ளிக்கொண்டு போவானேன்?

---

சக்கரவீடு | செவ்வாய், இரவு 8.47

எல்லாருக்கும் நன்றி. இவரிடம் படித்துக் காட்டினேன். '100 மீட்டர்' வரியில் கொஞ்சம் அமைதியாகிவிட்டார். நாளை மத்தியானம் கிளம்புகிறோம். பேட்டரி ஈய அமிலம், ஃபிரிட்ஜ் மூன்றிலும் ஓடுவது.

சின்னவள் அழுகிறாள். வீட்டுக்குப் போவதற்காக இல்லை, தன் மேல்கட்டிலை விட்டுப் போவதற்காக.

---

இரவுப்பறவை | செவ்வாய், இரவு 9.20

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். நான் இன்னும் என் கட்சிதான், ஆனால் உங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என் மாதிரி ஓட்டச் சொல்ல மாட்டேன். போன வருஷம் ஒரு விடிகாலையில் சாலையோரம் வரிவரியாக மேடு போட்டிருப்பார்களே, அதில் சக்கரம் ஏறி 'தரதர'வென்று அதிர்ந்துதான் விழித்தேன். இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

---

தூறல் | செவ்வாய், இரவு 9.26

சொன்னதற்கு நன்றி. நிஜமாகவே.

---

சக்கரவீடு | சனி, காலை 10.18

வந்து சேர்ந்துவிட்டோம். சொன்னபடியே 130, 400, 210. வெள்ளி காலை 11.40க்கு வாசலில்.

புதன் மத்தியானம் ஒன்றரைக்குக் கிளம்பினோம். அண்ணன் சொன்னது சரி, 130 கி.மீ.தான் என்றாலும் அந்த ஆற்றங்கரை பின்னால் போய்விட்டது. அன்று இரவு சாதாரண ஒரு நிறுத்தம். பக்கத்தில் லாரிகள், விளக்கு வெளிச்சம். யாருக்கும் அந்த இடத்தின் மேல் ஆசை வரவில்லை, கிளம்பச் சுலபமாக இருந்தது.

வியாழன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொண்டோம். மூன்று மணிக்கு நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது தூறல் அக்கா சொன்ன மாதிரியே ஊர்ப்பலகையைக் கடந்துவிட்டு, என்ன ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நிறுத்தினேன். காபி, 20 நிமிடம். நால்வருமே படுத்தோம். அலாரம் அடித்தபோது வெளியே மழை பெய்து கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பயணத்தில் மறக்க முடியாத நிறுத்தம் எது என்று கேட்டால் பெரியவன் இப்போது அதைத்தான் சொல்கிறான், மலையையும் கடலையும் விட்டுவிட்டு.

இனி மானம் போன கதை. மின்கலம் சொன்ன சோப்புநீர் வைத்தியத்தை வியாழன் காலை செய்தேன், அபாரமாக வேலை செய்தது. சாயங்காலம் முறையான இடத்தில் வடித்தோம். ஆசை விடவில்லை. வெள்ளி காலை இன்னொரு முறை அலசுவோம் என்று 10 லிட்டர் ஊற்றி, திரவத்தையும் தாராளமாக விட்டுக் கிளம்பினோம். மூன்று கி.மீ. போயிருப்போம். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து கையால் கீழே காட்டிக்கொண்டே போனார். டயர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து ஓரம் கட்டினோம். இறங்கிப் பார்த்தால் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை சாலையில் வெள்ளை நுரைக்கோடு. முந்தின நாள் வடித்தபிறகு வால்வைப் பாதிதான் மூடியிருக்கிறேன். நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, சின்னவள், "அம்மா, இதைப் பிடித்துக்கொண்டே போனால் திரும்ப முகாமுக்கே போய்விடலாம்" என்றாள்.

வீட்டு வாசலிலும் ஒரு சின்னக் கூத்து. 38 நாள் திறந்தவெளியில் நிறுத்திப் பழகியதில் வண்டிக்கு உயரம் உண்டு என்பதே இவருக்கு மறந்துவிட்டது. கூரை விசிறியின் மூடி திறந்தே இருந்திருக்கிறது, வாசல் மரக்கிளை அதை உரசியது. உடையவில்லை, ஒரு கீறல்தான். கிளம்பும்போது கூரையையும் படிக்கட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்போம், வந்து சேரும்போது யார் பார்க்கிறார்கள்.

மதியத்துக்குள் வந்ததன் அருமை அப்புறம்தான் தெரிந்தது. நால்வரும் கைமாற்றிக் கைமாற்றி மூன்று மணிக்குள் வண்டியைக் காலி செய்துவிட்டோம். மெத்தைகள் வெயிலில், ஃபிரிட்ஜ் கதவில் சுருட்டிய துண்டு, குழாய்கள் திறந்தபடி. பேட்டரி 12.7.

வீடுதான் விசித்திரமாக இருக்கிறது. அநியாயத்துக்குப் பெரிது. உப்பு எடுக்க நாலு அடி நடக்க வேண்டியிருக்கிறது, அங்கே எல்லாம் கைக்கு எட்டும் தூரம். சமையலறைக் குழாயைத் திறப்பதற்கு முன் என் கை தானாகச் சுவரில் பம்ப் சுவிட்சைத் தேடியது. இரவு இவர் விளக்கை அணைத்துவிட்டு, "பேட்டரி எவ்வளவு இருக்கு?" என்றார்.

---

மின்கலம் | சனி, காலை 10.40

நுரைக்கு நான் பொறுப்பில்லை. 'கொஞ்சம்' திரவம் என்றுதான் எழுதியிருந்தேன் :)

---

புதுச்சாவி | சனி, காலை 11.15

சேமித்து வைத்துக்கொண்டேன், அடுத்த மாதம் எங்களுக்கு உதவும். சின்னவள் எப்படி இருக்கிறாள், அக்கா?

---

சக்கரவீடு | சனி, காலை 11.32

நேற்று ராத்திரி தலையணையோடு போய் வேனில்தான் தூங்கினாள். மெத்தை வெயிலில் காய்ந்து நல்ல சூடாக இருக்கிறதாம்.

---

பழைய டீசல் | சனி, பிற்பகல் 12.10

சந்தோஷம். அந்த 'டக்' சத்தம் என்ன ஆயிற்று?

---

சக்கரவீடு | சனி, பிற்பகல் 12.26

அது அப்படியே இருக்கிறது அண்ணா. உள்ளே ஒரு கரண்டிகூட இல்லாமல் காலி செய்தபிறகு, காலையில் டீசல் போடப் போய்வந்தேன். 60ஐத் தாண்டியதும் 'டக்'. ஆக, நீங்கள் சொன்ன மாதிரி அடியில்தான். தொட்டிப் பட்டியை ஆட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. ஸ்டெப்னிப் பிடிதான் பாக்கி. பாய் விரித்து அடியில் படுத்துப் பார்க்கலாம் என்று போனேன். சரியாக ஸ்டெப்னிக்குக் கீழே தெருப் பூனை ஒன்று இரண்டு குட்டிகளோடு படுத்துக்கொண்டு என்னை முறைக்கிறது. அது இடம் மாறட்டும், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.